கொளஞ்சி முழுங்கிய மாத்திரைகள்

டாக்டர் கலைமதிக்கு நோயாளிகளோடு பேசிப் பழக்கம் இல்லை. எம்.டி. முடித்து ஒன்பது வருடம் ஆகிறது; இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததெல்லாம் நோயாளிகளிடமிருந்து சுரண்டியது, துடைத்தது, உறிஞ்சியது மட்டும்தான். புதுச்சேரியை ஒட்டிய மருத்துவக் கல்லூரி ஒன்றில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. அங்கே வட்டத் தட்டுகளில் கிருமிகளை வளர்ப்பதும், எது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்து எழுதுவதும் அவள் வேலை. கிருமிகள் எதிர்த்துப் பேசாது, காக்க வைத்தால் கோபித்துக்கொள்ளாது, இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரிக்காது. அதனால் அவற்றை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவளை மரக்காணம் உப்பளம் வரைக்கும் இழுத்து வந்தது படர்தாமரை. இந்தக் கடற்கரை முழுக்க ஜனங்கள் இடுப்பையும் தொடையையும் சொறிந்துகொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் ஒரு மாத மாத்திரைக்கு ஓடிப்போகிற பூஞ்சை, இப்போது மூன்று மாதமானாலும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. தோல் டாக்டர்களைக் கேட்டால், ஜனங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றார்கள். ஜனங்களைக் கேட்டால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற வெள்ளை டியூப்பைத் தடவினால் அன்றைக்கே அரிப்பு நிற்கிறது, அப்புறம் பத்து நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது என்றார்கள். அந்த டியூப்பில் ஸ்டீராய்டு இருந்தது. அது அரிப்பை அடக்கி வைத்துவிட்டு, உள்ளே பூஞ்சைக்குப் பந்தி போடும். இதற்கு நடுவில் பூஞ்சையே மருந்துக்கு மசியாததாக மாறிவிட்டதா என்பதுதான் கலைமதியின் ஆராய்ச்சி.

மரக்காணத்தில் நடந்த ஒரு முகாமில்தான் கொளஞ்சி அவளிடம் வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது. உப்பு வாருகிற பதினாறு பெண்கள் கொண்ட ஒரு செட்டுக்கு அவள்தான் தலைவி. எந்தப் பாத்தியில் உப்பு விளைந்துவிட்டது, எதற்கு இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும் என்று அவள் சொன்னால் முதலாளிகூட மறுபேச்சு பேசமாட்டார். அவளுக்கு மூன்று வருடமாக இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. ஊரில் ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை, ஆறாறு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஒன்று விடாமல் முழுங்கினேன் என்றாள். மூன்றாம் தடவை அதே அரிப்போடு போனபோது, அந்த டாக்டர் எல்லோர் எதிரிலும், நீ மாத்திரையே சாப்பிடவில்லை, என்னிடம் கதை விடாதே என்று சத்தம் போட்டுவிட்டார். அன்றைக்கு மழைத் தூறலால் உப்பளத்தில் வேலை இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவள் செட்டுப் பெண்கள்.

அத்தோடு போனது அவள் மரியாதை. மறுநாள் கிழக்குப் பாத்தியை வாரலாம் என்று கொளஞ்சி சொன்னபோது, நீ மாத்திரை முழுங்கின மாதிரியா என்று செட்டில் ஒருத்தியான சகாயமேரி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் மதகை மூடிவிட்டேன் என்றாலும் அதே கேள்வி, லாரிக்குச் சொல்லிவிட்டேன் என்றாலும் அதே கேள்வி. வீட்டில் புருஷன் ராஜவேல், மாத்திரையையெல்லாம் கோழிக்குப் போட்டுவிட்டாயா, நம் தெருவில் கோழிக்கு மட்டும்தான் படர்தாமரை வரவில்லை என்றான். இருபது வருடமாகச் சொன்ன சொல் தவறாதவள் என்று பேர் எடுத்தவளுக்கு இது அரிப்பைவிடப் பெரிய அரிப்பாக இருந்தது.

“டாக்டரம்மா, எனக்கு இது போவலன்னாகூட பரவால்ல,” என்றாள் கொளஞ்சி. “நான் மாத்திரை முழுங்கினேன்னு நீங்க டெஸ்ட் பண்ணிச் சொல்லணும். அது போதும்.”

அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது என்று கலைமதி சொன்னாள். தோலைச் சுரண்டிப் பூஞ்சையை வளர்த்து, அந்த மாத்திரைக்கு அது சாகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். மனசுக்குள் அவளும் அந்த கிளினிக் டாக்டர் பக்கம்தான் இருந்தாள். பாதி மாத்திரை பரணில் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே நோட்டில் கொளஞ்சியின் பெயரை எழுதினாள்.

முதல் தடவை சுரண்டியதில் ஒன்றும் வளரவில்லை. இரண்டாம் தடவையும் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூன்றாம் தடவை ஏதோ சாம்பல் நிறத்தில் தலைகாட்டியது என்று ஆசையாகப் பார்த்தால், அது ஊறுகாய் ஜாடியில் வளர்கிற சாதாரணப் பூசணம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறது, தட்டில் போட்டால் உயிர் இல்லை. கலைமதிக்கு எரிச்சல் வந்தது. துறைத் தலைவர் சிவஞானம் வேறு, மரக்காணத்துப் பூஞ்சைக்கு உன் தட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறதே என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்டார்.

நாலாவது தடவை கொளஞ்சி ஆய்வகத்துக்கு வந்தபோது, கலைமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று விசாரித்தாள். கொளஞ்சி பெருமையோடு சொன்னாள். டாக்டர் எதிரில் துணியை விலக்கிக் காட்ட வேண்டிய இடம் அசிங்கமாக இருக்கலாமா? முதல் நாள் சாயந்திரம் பாத்தி உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்துவிடுவாள். காலையில் மஞ்சள் போட்டுக் குளிப்பாள். பிறகு பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வெள்ளை டியூப்பைத் தடவிக்கொண்டு பஸ் ஏறுவாள். உப்பளத்துப் பெண்களில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இப்படித்தானாம். செட்டே சேர்ந்து தலைவாரிப் பூ வைத்து அனுப்புவார்களாம். அழுக்காக ஒருத்தி போய் நின்றால் பதினாறு பேருக்கும் கெட்ட பெயர்.

கலைமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். இன்றிலிருந்து பதினாலு நாள் டியூப் கூடாது, சோப்பு கூடாது, மஞ்சள் கூடாது, உப்புத் தண்ணீர் கூடாது. இடுப்பில் என்ன இருக்கிறதோ அது அப்படியே இருக்க வேண்டும். பதினஞ்சாம் நாள் நீங்கள் பஸ் ஏறவே வேண்டாம், நானே உப்பளத்துக்கு வருகிறேன். கொளஞ்சி விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அரிக்குமே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொன்னபடியே பதினஞ்சாம் நாள், முதல் பஸ்ஸில் கலைமதி மரக்காணத்தில் இறங்கினாள். சித்திரை மாத வெயில் அந்த நேரத்துக்கே கண்ணைக் கூச வைத்தது. வரப்பில் செருப்பு வழுக்க, கத்தியும் கண்ணாடித் துண்டுகளும் இருந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பம்புசெட் கொட்டகை வரைக்கும் நடந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் பட்டு மாதிரி ஒரு புடவை, தலை நிறைய மல்லிகை, முகத்தில் பவுடர். மூன்றடி தள்ளியே மஞ்சள் வாசனை அடித்தது.

கலைமதிக்கு அழுகையே வந்துவிட்டது. குளித்தீர்களா என்று கேட்டாள்.

“குளிப்பாட்டிட்டாளுங்க டாக்டரம்மா,” என்றாள் கொளஞ்சி. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சகாயமேரி முன்னால் வந்து, குற்றம் செய்த மாதிரியே தெரியாமல் நடந்ததை விளக்கினாள். இந்தப் பதினாலு நாளும் கொளஞ்சி தலைக்கு ஊற்றிக்கொண்டாளாம், காலைக் கழுவினாளாம். நடுவில் ஒரு முழம் மட்டும் தண்ணீர் படவிடவில்லை. சொறியவும் மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு வாருவாள். கட்டிய பாவாடையை அவிழ்த்துத் துவைக்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். முதல் வாரம் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அவளுக்கு எதிர்ப்பக்கத்துப் பாத்தியில் இறங்கினார்கள். உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர், இங்கே கருவாடும் போட ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு டாக்டரே இங்கே வருகிறார் என்று தெரிந்தபிறகு சும்மா விடமுடியுமா? விடிந்ததும் நாலு பேர் பிடித்துக்கொள்ள, நாலு பேர் மோட்டார் குழாயடியில் உட்காரவைத்து நார் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். புடவை சகாயமேரியுடையது. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது, இன்னும் ஒருதரம்கூடக் கட்டவில்லை. கடைசியாக, பாவம் எவ்வளவு அரித்திருக்கும் என்று டியூப்பையும் தாராளமாகத் தடவிவிட்டாளாம்.

கலைமதி ஒரு உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். பெண்கள் எல்லோரும் பாராட்டை எதிர்பார்த்து நின்றிருந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். கடமைக்குக் கொளஞ்சியின் இடுப்பைச் சுரண்டினாள். கத்தியில் மஞ்சள்தான் வந்தது. இன்னும் பதினாலு நாள் இருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அப்போது கொட்டகைக்குப் பின்னால் சகாயமேரி ஒரு நீளக் கழியின் நுனியில் அந்தப் பழைய பாவாடையைத் தூக்கிக்கொண்டு போய், காய்ந்த முள்செடிமேல் போட்டாள். கொளுத்த வேண்டும், யாரிடமாவது தீப்பெட்டி இருக்கிறதா என்று குரல் கொடுத்தாள். கொளஞ்சி நாற்காலியிலிருந்து எழுந்து கலைமதியின் பக்கத்தில் வந்து நின்றாள். வெட்கத்தால் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

“டாக்டரம்மா, அந்தப் பாவாடை உங்களுக்கு ஆவுமா? இடுப்புல இருக்கறது அப்படியே இருக்கணும்னு சொன்னீங்களே. பாதி அதுலதான ஒட்டிக்கினு இருக்கும், தொவைச்சா போயிடுமேன்னு பதினாலு நாளா தொவைக்காம வெச்சிருந்தேன்.”

கலைமதி கொளஞ்சியையே பார்த்தாள். துவைக்காதீர்கள் என்று அவள் சொல்லவே இல்லை. சொன்னதற்கு மேலும் யோசித்து, வேகிற வெயிலில், ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, இந்தப் பொம்பளை பதினாலு நாள் அதையே கட்டிக்கொண்டு உப்பு வாரியிருக்கிறாள். இவளா மாத்திரையைப் பரணில் போட்டிருப்பாள்? கலைமதிக்குச் சட்டென்று வெட்கமாகப் போய்விட்டது. தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக அவள் நினைத்து வெகுநாள் ஆகிறது. ஆனால் அதை வெளியே சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. தீப்பெட்டியை உள்ளே வையுங்கள் என்று மட்டும் சகாயமேரியிடம் கத்தினாள்.

பாவாடையின் நாடாவையும், நாடா ஓடுகிற மடிப்பையும் கத்தரித்து எடுத்தாள். மடிப்பு முழுக்கத் தவிட்டுத் தூள் மாதிரி தோல் செதில். தங்கத் தூளைச் சேகரிக்கிறவள்போல் அதைக் கறுப்புத் தாளில் தட்டி மடித்தாள். உள்ளாடைத் துணியை ஒரு படித்த பொம்பளை அப்படிக் கொஞ்சுவதைப் பார்த்து, பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்புகிற பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டு கடைசி வரைக்கும் காலியாகவே வந்தது. கோட்டக்குப்பம் தாண்டும்போது கண்டக்டர், மீன் கூடைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார்.

எந்தப் புத்தகத்தில் பாவாடை நாடாவை மாதிரியாக எடுக்கச் சொல்லியிருக்கிறது என்று சிவஞானம் கேட்டார். துணியில் பூஞ்சை வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே சார் என்றாள் கலைமதி. வேறு யாராவது கட்டியிருந்தால் என்று அவர் விடாமல் கேட்டார். யாரும் கட்டுகிற நிலையில் அது இல்லை சார் என்று சொல்லி, நாடா இருந்த உறையைத் திறந்து அவர் மேஜைமேல் வைத்தாள். சிவஞானம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து, சரி சரி, வளர்த்துப் பார், கட்டுரையில் மட்டும் ஆடைத் துணுக்கு என்று எழுது என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனார்.

எட்டாம் நாள் தட்டில் வெள்ளையாக, மாவு தூவியதுபோல், வட்டமாக ஒன்று வளர்ந்து நின்றது. மூன்று வருடமாகக் கொளஞ்சியை ஆட்டி வைத்த பூஞ்சை அதுதான். கலைமதி அதைக் கரைத்து, சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, குழிக்குக் குழி மாத்திரை மருந்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனாள். சாதாரணப் பூஞ்சை இரண்டாவது மூன்றாவது குழியிலேயே செத்துப்போகும். இது கடைசிக் குழி வரைக்கும் செழிப்பாக வளர்ந்திருந்தது. அந்த மாத்திரையைச் சோறாகவே போட்டிருந்தாலும் இது அசைந்திருக்காது. வேறு வகை மருந்து ஒன்றுக்குக் கேட்டது. அதை வைத்துக் குணப்படுத்தலாம். கலைமதி சந்தோஷத்தில் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

ரிப்போர்ட் வாங்கக் கொளஞ்சி வந்தாள். இந்தத் தடவை குளித்து, பூ வைத்து வந்ததை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துக்கு மசியாத பூஞ்சை, உங்கள் மேல் தப்பில்லை, அந்த டியூப்பை இனி தொடவே கூடாது, துணியைக் கொதிநீரில் போட்டுத் துவையுங்கள், தோல் டாக்டர் வேறு மாத்திரை எழுதித் தருவார் என்றெல்லாம் கலைமதி சொன்னாள். கொளஞ்சி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

“நான் மாத்திரை முழுங்கினேன்னு இதுல எங்க இருக்குது?”

கலைமதி ஆராய்ச்சிக்காரி. தட்டில் தெரிந்ததற்கு மேலே ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நம்புகிறவள். இந்த டெஸ்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, முழுங்கியிருந்தாலும் குணமாகியிருக்காது என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்று, ஒன்பது வருடப் பழக்கத்தில், ரொம்பச் சரியாக விளக்கினாள். கொளஞ்சி கேட்டுக்கொண்டாள். அப்போ முழுங்காமலும் இருந்திருக்கலாம்னு சகாயமேரி சொல்லுவா என்றாள். அது உண்மைதான். கொளஞ்சி காகிதத்தை எட்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்குச் சாயந்திரம் முழுக்கக் கலைமதிக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சரியாகப் பேசிவிட்டு இவ்வளவு வருத்தப்பட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, துறைக் கூட்டத்தில் சிவஞானம் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனில் ஒரு வீடியோ வந்தது. யார் என்று பார்க்கத் தொட்டுவிட்டாள். கொளஞ்சி கேமராவை நேராகப் பார்த்து, தேதியைச் சொல்லி, புது மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்து, வாயைப் பெரிதாகத் திறந்து நாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிக் காட்டினாள். கூட்டத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு வீடியோ வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சில நாள் பின்னால் உப்புக் குவியல் தெரியும், சில நாள் ராஜவேல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாள் வெளிச்சம் போதவில்லை என்று, வாய்க்குள் டார்ச் அடித்து இரண்டாவது வீடியோ அனுப்பியிருந்தாள்.

முதலில் கலைமதிக்குச் சிரிப்பு வந்தது. பதினோராவது வீடியோவில் சிரிப்பு வரவில்லை. கைதி மாதிரி ஒரு பொம்பளை தினமும் வாயைத் திறந்து காட்டுகிறாள், அதுவும் தன்னிடம். அங்கேயே, ஆய்வகத்தின் நடுவில் நின்றபடி போன் போட்டாள்.

“அக்கா, இனிமே வீடியோ வேணாம். நீங்க சாப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியும். முன்னாடி கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டீங்க. அதுவும் எனக்குத் தெரியும்.”

மறுமுனையில் உப்பு வாருகிற பலகைகளின் சத்தம் கேட்டது.

“இருங்க டாக்டரம்மா,” என்றாள் கொளஞ்சி. “ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னீங்கல்ல, அத இன்னொரு தபா சொல்லுங்க. சத்தமா.”

கலைமதி சுற்றிலும் பார்த்தாள். சிவஞானம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாணவிகள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்கள். இதைக் காட்ட அவளிடம் தட்டும் இல்லை, குழியும் இல்லை, ஒரு எண்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“டாக்டர் கலைமதி பேசறேன். கொளஞ்சி அக்கா ரெண்டு தடவையும் மாத்திரை ஒண்ணு விடாம முழுங்கினாங்க. அவங்க சொன்னது நெஜம்.”

மாணவிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவஞானத்தின் பேனா நின்றது. அந்தப் பக்கம் பலகைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. காற்று மட்டும் ஸ்பீக்கரில் உரசிக்கொண்டிருந்தது. என்னடி பாத்துக்கினு நிக்கறீங்க, மேற்கால பாத்தில எறங்குங்க என்று கொளஞ்சி அதட்டுவது கேட்டது. ஒருத்தியும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பதினாறு பேரும் தண்ணீரில் இறங்கி நடக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் கலைமதி போனை வைக்கவில்லை.